கீழ்க்கடையில் நட்டுகள்

இளஞ்செழியன் போனதற்கு மூன்று காரணம் சொல்கிறார்கள்.
ஜொகூரில் வேலை. ஐம்பது ரிங்கிட் கணக்கு.
மூன்றாவதை ரோசலின் இருக்கும்போது பேசுவதில்லை.
எனக்குத் தெரிந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை அவன் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு
படியிறங்கினான், மறுமுனை பிடித்தவன் நான்.
இரண்டாம் வளைவில் சுவர் உரசி
பிறை மாதிரி ஒரு கீறல்.
இன்னும் இருக்கிறது.

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி எங்களுடையது,
மாதம் அறுநூறு, மின்சாரம் தனி.
கல்யாண மண்டபங்களில்
குமுதவல்லி பாடினால் பூங்கொத்து வரும்,
ஆ மெங் கிட்டாருக்கு விசில்.
டிரம்ஸ் அடிக்கிற எனக்கும்
வாய் பிளந்த பிள்ளைகள் நாலு பேர்.
பேஸ் வாசித்தவனிடம் வந்து
"அண்ணே, டாய்லெட் எந்தப் பக்கம்?" என்பார்கள்.

அவன் இல்லாத முதல் கல்யாணம் கிள்ளானில்.
அதே பாட்டுகள், அதே கறுப்புச் சட்டை,
ஒரு தப்பும் இல்லை.
இரண்டாம் பாட்டிலேயே ஆடிக்கொண்டிருந்த பெண்கள்
ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.
மாப்பிள்ளையின் மாமா வந்தார்:
"சத்தம் பத்தல."
கூட்டினோம்.
"இப்ப காது வலிக்குது."

ரோசலின் அவன் பங்கை இடக்கையில் எடுத்துப் பார்த்தாள்,
வலக்கை எழுத்து மறந்தது போல் தடுமாறியது.
பழைய பதிவிலிருந்து
அவனைத் தனியாகப் பிரித்து ஸ்பீக்கரில் விட்டோம்.
பதிவிலிருந்த செழியன் எங்களைக் கேட்கவே இல்லை.
நான் அவசரப்பட்டால் முறைக்கவில்லை,
பின்தங்கினால் நிற்கவில்லை.
சுபாங்கிலிருந்து ஒரு பையன் வந்தான், எட்டு நாள்.
உட்காரச் சொன்னால்
நாற்காலியைத் தலைக்குமேல் சுழற்றுகிறவன்.

ஒன்பதாம் நாள், மூன்றாம் பாட்டின் நடுவில்
கீழ்க்கடை ரஃபிக் மேலே வந்து
மலாயும் தமிழுமாகக் கேட்டான்:
"பாஸ், இன்னைக்கு வாசிப்பு இல்லையா?"
நீங்கள் தொடங்கினால்
என் தட்டில் நட்டுகள் நடுங்கும்,
அதை வைத்துத்தான் தெரியும் என்றான்.
கிரீஸ் விரல்களால்
அந்த நடுக்கத்தைக் காற்றில் செய்தும் காட்டினான்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம், ஆ மெங் தவிர.

அப்புறம் ஒரு மழை இரவு.
குமுதவல்லி ஒரு வரியை முடிக்கும்போது
கொமுட்டர் ரயில் வந்தது.
எரிச்சலில்தான் அவள் நிறுத்தினாள்.
ஏனோ நாங்கள் யாரும் அந்த இடத்தை நிரப்பவில்லை.
தரை வழியே கணுக்காலில் ஏறி
முழங்காலில் கொஞ்சம் தங்கி
இறங்கிப் போனது அந்தக் கனத்த சத்தம்.
அது விட்ட இடத்திலிருந்து
அடுத்த வரியை எடுத்தாள்,
வழக்கமான சுருதிக்கு வெகு கீழே,
அவளுக்கே பழக்கமில்லாத குரலில்.
நான் ஒரு குச்சியைக் கீழே வைத்தேன்.
ஆ மெங் காலால் பெடலைத் தள்ளிவிட்டான்.

இப்போது எல்லாப் பாட்டிலும்
ஒரு ரயில் போகிற அளவு இடம் விடுகிறோம்,
தண்டவாளமே இல்லாத மண்டபங்களிலும்.
போனவனுக்கான மௌனம் என்று
யாராவது உருகினால் நம்பாதீர்கள்.
ஆள் வைக்கக் காசில்லை.
ரயில் இலவசம்.

கல்யாணங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன.
முப்பதாம் நாள் காரியத்துக்குக் கூப்பிடுகிறார்கள்,
ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள்,
அங்கே யாரும் ஆடவில்லை, யாரும் போகவும் இல்லை.
நட்டுகள் நடுங்குவதில்லை.
ரஃபிக் மட்டும் கடை அடைத்ததும் தேநீரோடு வந்து
அந்தக் கீறலுக்குப் பக்கத்தில்
படியில் உட்கார்ந்துகொள்கிறான்.

போன வாரம் புதுப் பதிவை செழியனுக்கு அனுப்பினோம்.
விடிகாலை நாலு மணிக்கு,
சிங்கப்பூர்ப் பாலத்தில் பைக் வரிசையில் நின்றபடி
பதில் போட்டிருந்தான்:
"ரெண்டாவது சரணத்துல இழுக்குது லா."

சரிதான், இழுக்கிறது.
சாயங்காலம் நாலு பேரும் அதைப் படித்துவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தோம்.
எட்டே முக்கால் வண்டி இன்னும் வரவில்லை.